நீலவேணி இண்டஸ்ட்ரீஸில் சுந்தரவல்லிக்குக் கிடைத்த வேலை

பொய் சொன்னாள் என்கிறவர்கள் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். பொய் சொல்ல நினைக்கிறவள் அரைக் கிலோ ரவை வாங்கி, முந்திரி வறுத்துப் போட்டு, கேசரி கிண்டி அந்த வரிசையில் மற்ற ஏழு போர்ஷனுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பாளா? கிடைக்காத வேலையைக் கிடைத்தது என்றாளாம். புருஷனையே ஏமாற்றினாளாம். காலையில் தலை சீவிப் பையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டு, சாயங்காலம் ஒன்றும் தெரியாத மாதிரி வந்தாளாம். அந்த 'எங்கேயோ'வை மட்டும் எப்படி இழுத்து இழுத்துச் சொல்கிறார்கள் பாருங்கள். அன்றைக்குக் கேசரி இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கிண்ணத்தை நீட்டிய வாய்கள்தான் இவையெல்லாம்.

சுந்தரவல்லி பொய் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது. தெரிந்த பிறகு நாலு பேரிடம் சொல்லாமல் இருந்தாள், அது தப்புதான். அந்த ஒரு தப்புக்கு மேல் அவள் தலையில் எதையும் ஏற்றக் கூடாது.

நாகல்கேணியில் திருநீர்மலை சாலையை விட்டு உள்ளே திரும்பும் சந்தில், வரிசையாகக் கட்டிய எட்டு போர்ஷனில் மூன்றாவது அவளுடையது. வயது நாற்பத்து நாலு. புருஷன் அச்சுதன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரே மகளைக் கோவிலம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பத்தொன்பது வயதில் சுந்தரவல்லி தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ரேடியோ, டிவிக்குள் இருக்கிற பச்சைப் பலகையில் சின்னச் சின்னக் கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டுகிற வேலை. ஏழு வருஷம் ஒட்டினாள். மாமியார் கை கால் விழுந்து படுத்ததும் விட்டாள். கிழவி பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்தாள். அவள் போன பிறகு திரும்ப வேலைக்குப் போவது என்ற நினைப்பே வீட்டில் யாருக்கும் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. அப்படியே இன்னும் ஏழு வருஷம் போனது.

அச்சுதனுக்கு முதுகுத்தண்டில் ஏதோ நகர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது. அரை நாளுக்கு மேல் ஆட்டோவில் உட்கார முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெரு சித்திகா ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து காட்டினாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டிரஸ்ட், வேலையை விட்டு வருஷக்கணக்கில் ஆன பெண்களுக்கு மூன்று மாதம் இலவசமாகப் பயிற்சி கொடுத்து வேலைக்கு அனுப்புகிறதாம்.

"வாக்கா, சேந்து போவலாம். நான் மட்டும் தனியாப் போனா எங்க வூட்ல வுடமாட்டாங்க," என்றாள் சித்திகா.

"எனக்கு இன்னாடி தெரியும் இப்போ? எல்லாம் மறந்து போச்சு."

"அதுக்குத்தானேக்கா கிளாஸு."

கிளாஸ் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் நடந்தது. பதினெட்டுப் பெண்கள். சொல்லிக் கொடுக்கிறவள் தமிழினி என்ற பெண். சுந்தரவல்லியின் மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம், ஆனாலும் எல்லாரும் மேடம் என்றே கூப்பிட்டார்கள். அளவு பார்ப்பது, சரக்கைப் பிரிப்பது, கம்பெனியில் எழுதும் தாள்களை நிரப்புவது என்று ஒவ்வொன்றாக நடந்தது. அது எதுவும் சுந்தரவல்லியைக் குழப்பவில்லை. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதான் குழப்பியது.

"நான் அச்சுதன் வூட்டுக்காரி. அவரு ஆட்டோ ஓட்டறாரு. பொண்ணு கோவிலம்பாக்கத்துல கீது. மாப்பிள்ளை ஏசி மெக்கானிக்கு."

"உங்களைப் பத்திக்கா," என்றாள் தமிழினி.

"அதான் மேடம் சொன்னேன்."

ஒரு வெள்ளிக்கிழமை அச்சுதனை ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனதில் அவள் கிளாசுக்குப் போகவில்லை. எல்லா வினையும் அந்த ஒரு நாளில் இருந்தது. மறுநாள் போனால் மாடியே வேறு மாதிரி இருந்தது. பாயெல்லாம் சுருட்டியாகிவிட்டது. மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டை கட்டிய ஒருவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். இதற்கு முன் பார்த்திராத முகங்கள். வாசலில் கையெழுத்து வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பாஸ் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, முடிந்தவர்களைப் பின்பக்கப் படி வழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். சித்திகாவும் அப்படி முன்னாலேயே போய்விட்டிருந்தாள்.

பதினெட்டு வருஷம் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று அந்த அம்மாள் கேட்டாள். சுந்தரவல்லி மாமியாரைப் பற்றிச் சொன்னாள். டை கட்டியவர் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, கங்கிராஜுலேஷன்ஸ் என்று ஒரு கவரை இரண்டு கையாலும் கொடுத்தார்.

கவருக்குள் வழவழவென்று ஒரு தாள் இருந்தது. மேலே நீலவேணி இண்டஸ்ட்ரீஸ் என்று அச்சடித்து, ஒரு பூ மாதிரி முத்திரை. திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் விலாசம். சம்பளம் இவ்வளவு, பி.எஃப். இவ்வளவு, லீவு இத்தனை நாள், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து சேரவும். கீழே கையெழுத்து. அச்சுதன் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தான். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். அவள் அடுத்த நிமிஷமே அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, 'எங்கம்மா' என்று எழுதி பூமாலைப் படமெல்லாம் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்? கேசரி அன்று சாயங்காலம்தான்.

திங்கட்கிழமை எட்டே காலுக்கே திருமுடிவாக்கத்தில் இறங்கிவிட்டாள். தாளில் இருந்த ரோட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். லேத் பட்டறை, டப்பா கம்பெனி, பெயின்ட் அடிக்கிற கம்பெனி எல்லாம் இருந்தன. நீலவேணி இல்லை. ஒரு கேட்டில் வாட்ச்மேன் தாளை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தான்.

"இந்த நம்பர் இந்த ரோட்லயே இல்லம்மா. எதிர்ல போயி கேளு."

எதிரில் கேட்டாள். எதிர்க் கேட்காரன் முதல் கேட்டையே காட்டினான். டீக்கடையில் கேட்டால், பேர் மாற்றியிருப்பார்கள், முன்னே வேறு பேர் இருந்திருக்கும் என்றார்கள். என்ன வேறு பேர் என்று கேட்டால், அது நமக்கெப்படித் தெரியும் என்றார்கள். தாளில் இருந்த போன் நம்பர் அடிக்கவே இல்லை. ஒன்பது மணிச் சங்கு ஊதியது. முதல் நாளே லேட். உள்ளே ஒரு நாற்காலி அவளுக்காகக் காத்திருக்கிற மாதிரியும், அதை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள் என்றும் தோன்றி, இன்னொரு ரோட்டுக்கு ஓடினாள்.

சாயங்காலம் ஷிப்ட் விடுகிற கூட்டத்தோடு திரும்பி வந்தாள். அச்சுதன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எப்டி கீது வல்லி?"

"ரொம்பப் பெரிய எடம்," என்றாள். அது உண்மைதானே. அந்த எஸ்டேட் முழுக்க நடந்தவளுக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை வேறு பக்கமாக நுழைந்து தேடினாள். புதன்கிழமையும் போய்க்கொண்டிருந்தபோது சித்திகா போன் செய்தாள்.

"இன்னாக்கா, ரெண்டு நாளா கிளாசுக்கு ஆளையே காணோம்?"

"நான்தான் வேலைக்குப் போறேனேடி."

"எந்த வேலைக்கு?"

"நீலவேணிக்கு."

சித்திகா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அக்கா, எனக்கும் நீலவேணிலதான் வேலை குடுத்தாங்க. பதினெட்டு பேருக்கும் அங்கதான். அது பழகறதுக்குக்கா. வேலைக்கு எடுத்தா இப்பிடித்தான் லெட்டர் தருவாங்க, அதை எப்டிப் படிக்கிறதுன்னு. வெள்ளிக்கிழமையே மேடம் சொல்லிட்டாங்களே."

சுந்தரவல்லி நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த டெம்போக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான்.

"அந்த டை கட்டினவரு?"

"அவரு பேங்குல கீறாராம். ஞாயித்துக்கெழமை, சனிக்கெழமை இந்த மாதிரி ஒதவி பண்ணுவாராம்."

தமிழினி மறுநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பலமுறை மன்னிப்புக் கேட்டாள். வராதவர்களுக்குத் தனியாகச் சொல்லாமல் விட்டது தன் தவறு என்றாள். அன்றிலிருந்து அந்தத் தாள்களில் சிவப்பு மையில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று முத்திரை குத்துகிறார்கள். ஆனால் மன்னிப்பை வாங்கி வீட்டில் எங்கே வைப்பது? கேசரி தின்றவர்களிடம் என்ன சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பிக் கிளாசுக்குப் போய், ஷிப்ட் விடுகிற நேரத்துக்குத் திரும்பினாள். கேட்டவர்களிடம் போயிட்டு வரேன் என்றாள், போயிட்டு வந்தேன் என்றாள். இப்படிப் பத்து நாள்.

நாலாவது போர்ஷன் ஜெயஸ்ரீயின் தம்பி அந்த எஸ்டேட்டில்தான் லோடு வண்டி ஓட்டுகிறான். அவன் வந்து, அப்படி ஒரு கம்பெனியே கிடையாது என்று சொல்லிவிட்டான். அடுத்த நாள் குழாயடியில் அதுதான் பேச்சு. அன்று சாயங்காலம் அச்சுதன் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"வல்லி, நீ எங்கதான் போற?"

"கிளாசுக்கு."

"வேலைக்குப் போறேன்னியே."

"வேலை இல்லன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

"லெட்டர் குடுத்தாங்களே."

"அது நெஜ லெட்டர் இல்லிங்க."

"அப்ப கிளாசு?"

"அது நெஜந்தான்." சொல்லிவிட்டு ஒரு கணம் யோசித்தாள். "நெஜந்தான்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. ஏதோ கணக்குப் போடுகிறவன் மாதிரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு ஒண்ணும் புரியல வல்லி என்று படுத்துவிட்டான். பாதி அவளுக்கே புரியாததை அவனுக்கு எப்படிப் புரியவைப்பாள்? இனி இந்தச் சந்தில் வேலை என்று அவள் வாயைத் திறந்தால் யார் நம்புவார்கள்? அதுதான் அவளை அரித்தது. நிஜமாகவே ஒன்று கிடைத்தாலும் பொய்தான் என்பார்கள்.

மூன்று மாதம் முடிகிற வாரத்தில் தமிழினி ஒரு விலாசம் கொடுத்து அனுப்பினாள். அதுவும் திருமுடிவாக்கம்தான். இந்த முறை கேட் இருந்தது, பேர்ப்பலகை இருந்தது. வண்டிகளுக்குப் போடுகிற ரப்பர் வாஷர் செய்கிற இடம். உள்ளே டை கட்டினவர் யாரும் இல்லை. மேசையும் இல்லை. பத்ரிநாராயணன் என்று ஒரு சூப்பர்வைசர், சட்டையெல்லாம் கறுப்புத்தூள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவர் கேட்கவே இல்லை. இவ்வளவு நாள் பயின்று வைத்த பதில் வாயிலேயே நின்றது. ஒரு தட்டு நிறைய வாஷரைக் கொட்டி, "பிசிறு இருக்கறத தனியா எடும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் எடுத்தாள். விரலால் ஓரத்தைத் தடவினாலே பிசிறு தெரிந்தது, கண்ணே வேண்டியிருக்கவில்லை. அவர் திரும்பி வந்து, அவள் ஒதுக்கியதில் நாலைந்தைத் தூக்கிப் பார்த்தார். நல்லது என்று வைத்ததிலும் பார்த்தார்.

"வியாழக்கிழம எட்டு மணிக்கு வந்துடு. செருப்புப் போட்டுக்கினு வரக்கூடாது. ஷூ."

அவ்வளவுதான். சுந்தரவல்லி நகரவில்லை.

"சார், லெட்டர்?"

"என்ன லெட்டர்?"

"வேலைக்கு எடுத்தா லெட்டர் தருவாங்களே."

"அதெல்லாம் அப்புறம்மா. மொதல்ல பத்து நாள் பாக்கலாம்."

அவள் இன்னும் நின்றாள். "சார், தப்பா நெனக்காதீங்க. இது நெஜமாவா, பழகறதுக்கா?"

பத்ரிநாராயணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். வாஷரைப் பார்த்தார். "எனக்குப் பொழுது போவலன்னா இத்தினி ரப்பரக் கொட்டி வச்சிக்கினு உக்காந்திருக்கேன்?" என்று சொல்லிவிட்டு மிஷின் பக்கம் போய்விட்டார். அதை ஆமாம் என்று எடுப்பதா, இல்லை என்று எடுப்பதா? பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். முத்திரையோடு தாள் கொடுத்த கம்பெனி ஊரிலேயே இல்லை. கண்ணுக்கு எதிரே இருக்கிற கம்பெனி ஒரு துண்டுச் சீட்டுக்கூடத் தரவில்லை. கிளாசில் சொல்லிக் கொடுத்தபடி பார்த்தால் இதுதான் பொய்யாக இருக்க வேண்டும். தமிழினிக்குப் போன் செய்தால், சின்னக் கம்பெனி அப்படித்தான் இருக்கும், தைரியமாப் போங்க என்றாள். தைரியமாகத்தானே நீலவேணிக்கும் போனாள்.

"லெட்டரே இல்லாம இன்னா வேலை?" என்று அச்சுதனும் கேட்டான். மகளிடம் அவள் சொல்லவே இல்லை. சொன்னால் மறுபடி ஸ்டேட்டஸில் பூமாலைப் படம் போட்டுவிடுவாள்.

வியாழக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வருகிற நேரம். எட்டு போர்ஷனும் குடத்தோடு வெளியே இருந்தது. சுந்தரவல்லி வாசலில் உட்கார்ந்து புது ஷூவின் கயிற்றைக் கட்டினாள். ஒரு தடவை கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டினாள். குடங்களை விட்டு எல்லாரும் அந்த ஷூவைப் பார்த்தார்கள். ஜெயஸ்ரீதான் கேட்டாள்.

"என்னக்கா, புது ஷூ எல்லாம். வேலைக்கா, கிளாசுக்கா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வேலைக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்தச் சொல் அவளுக்கு வாய்வரை வந்தது. உள்ளே கட்டிலில் அச்சுதன் எழுந்து உட்கார்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"எனக்கே தெரியல ஜெயஸ்ரீ," என்றாள். "எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க. லெட்டரு ஒண்ணும் தரல. போய் நிக்கறேன். உள்ள வுட்டா வேலை. வுடலன்னா வந்து உங்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன்."

ஜெயஸ்ரீயின் குடம் நிரம்பி வழிந்து வாசலெல்லாம் ஓடியது. சுந்தரவல்லி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஈரத்தைத் தாண்டி இறங்கி, ஷூ கனக்க நடந்து போனாள்.