சொட்டுத் தண்ணீர் போகாத பெட்டி

நான் தகர வேலை செய்கிறவன். மருதமுனையில், கடற்கரைக்குப் போகிற வீதியில் பட்டறை.

தம்பி கடலுக்குப் போகிறவன். என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய போட்டில் மீன் இருக்கிற இடத்தைக் காட்டும் சின்னத் திரை ஒன்று இருக்கிறது. லைட்டுக்கு இன்வேட்டர் பூட்டிய நாளிலிருந்து அந்தத் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது. மீனும் தெரியவில்லை, அடித்தரையும் தெரியவில்லை. கல்முனையில் ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் கேட்டேன். திரையில் பிழை இல்லை, இன்வேட்டர் கிளப்புகிற அலைதான் திரையைக் குழப்புகிறது, அதை அலுமினியப் பெட்டிக்குள் அடை என்றார். மூடி பொருந்துகிற விளிம்பில் பெயின்ட் இருக்கக் கூடாது, உலோகத்தில் உலோகம் முட்ட வேண்டும், கொஞ்சம் நீக்கல் இருந்தாலும் அலை அதனூடாக வெளியே வந்துவிடும் என்றார்.

அப்படியே செய்தேன். விளிம்பை அரத்தால் சுரண்டி, செப்புப் பட்டி வைத்து, ஆறு கிளிப் போட்டு இறுக்கினேன். திரை தெளிந்தது. வேறு போட்காரரும் கேள்விப்பட்டு வந்தார்கள். அந்த வருடம் அதே மாதிரிப் பெட்டி நிறையச் செய்தேன். கைக்கு அது பழகிவிட்டது.

பிறகு தம்பி போனுக்கு ஒரு பெட்டி கேட்டான். அதற்கு முன் இரண்டு போன் உப்புத் தண்ணீரில் போயிருந்தன. "தம்பி மீன் புடிக்கப் போறயா, மீனுக்குப் போன் குடுக்கப் போறயா?" என்று என் மனைவி அவனைக் கேட்பாள்.

கை பழகினபடியே செய்து கொடுத்தேன். அதே சுரண்டல், அதே செப்புப் பட்டி, அதே ஆறு கிளிப். கூடுதலாக ஒரு றப்பர். உள்ளே பத்திரிகைத் தாளை வைத்துத் தொட்டித் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் அமுக்கி வைத்தோம். தாள் நனையவில்லை. தம்பி அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். உள்ளே போனை வைத்து ஒரு கோல் எடுத்துப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் தாய்மார் மகளோடுதான் இருப்பார்கள். எங்களுக்குப் பெண் சகோதரம் இல்லாதபடியால் உம்மா என்னோடுதான் இருந்தார். நெடுநாள் நெஞ்சு வருத்தம். அன்று தம்பி சுபஹு தொழுதுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். எட்டு மணிபோல் உம்மாவுக்கு மூச்சு முட்டியது. டொக்டர் வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை, பிள்ளைகளைக் கூப்பிடுங்கள் என்றார்.

கோல் எடுத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் சொன்னது. பெரியநீலாவணைக்கு நேரே கடலில்தான் அவன் வலை போடுகிறவன். அங்கே சிக்னல் இருக்கும். அங்கிருந்து ஒரு மணித்தியாலத்தில் கரைக்கு வரலாம். திரும்பத் திரும்ப எடுத்தேன். அவனோடு போனவரின் போனுக்கும் எடுத்தேன். அதே குரல்.

உம்மா கண்ணைத் திறந்தார்.

"சின்னவன் வாறானா?"

"ஓம் உம்மா, வாறான்."

கொஞ்ச நேரம் கழித்து, "கரைக்கு வந்திட்டானா?" என்றார்.

"ஓம்" என்றேன்.

பதினொரு மணிக்கு மவுத்தானார்.

தம்பியைத் தேடி அனுப்பிய போட் ஆளைக் காணாமல் திரும்பி வந்தது. பகல் லுஹர் தொழுகையோடு அடக்குவோம் என்றார்கள். பின்னேரம் அசர் வரை தவணை கேட்டேன், பள்ளிவாசலில் சம்மதித்தார்கள். அதற்கு மேல் உம்மாவின் மய்யித்தை வைத்திருக்க ஏலாது. கப்றுக் குழிக்குள் நானும் மாமாவின் மகனும் இறங்கி உம்மாவை வாங்கினோம். மாமாவின் மகன் நின்றது தம்பி நிற்க வேண்டிய இடம்.

வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று கரையில் போய் நின்றேன். பொழுது படுகிற நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன் போட் வந்தது. அன்று அவர்களுக்கு நல்ல மீன். தம்பி என்னைக் கண்டதும் பெட்டியைத் தூக்கிக் காட்டினான்.

"சொட்டுத் தண்ணி போகல்ல காக்கா" என்று சொல்லிக்கொண்டே கிளிப்புகளைக் கழற்றினான்.

உள்ளே இரண்டு பேருடைய போனும் கிடந்தன. சிக்னல் பிடிக்கக் கொஞ்ச நேரம் சென்றது. பிறகு தவறிய கோல்களின் செய்தி ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. அது நிற்கவில்லை. தம்பி பார்த்தான். எல்லாம் என்னுடைய கோல்.

"என்ன காக்கா?"

"உம்மா" என்றேன்.

பெட்டியை மணலில் வைத்தான்.

"அடக்கிட்டீங்களா?"

"ஓம்."

ஈர மணலிலேயே இருந்துவிட்டான். மீனை மற்றவர்கள்தான் இறக்கினார்கள்.

மூன்றாம் நாள் பட்டறையில் என் போனை அந்தப் பெட்டிக்குள் வைத்து, ஆறு கிளிப்பையும் போட்டு, மனைவியின் போனிலிருந்து எடுத்தேன். அதே பெண் குரல். மூடியை விரல் நுழையும் அளவு தூக்கிவிட்டு எடுத்தேன். அடித்தது. ரேடியோக்காரர் வெளியே வருகிற அலையைச் சொன்னார். உள்ளே போகிறதும் அலைதான் என்று எனக்கு ஓடவில்லை.

தம்பியிடம் போய்ப் பெட்டியின் கதை எல்லாம் சொன்னேன். அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கேட்டபடியே பொத்தினான்.

"நானும் ஒருக்காத் திறந்து பாத்திருக்கலாம். மீன் பட்டிச்சி. பாக்கல்ல" என்றான்.

வலையை மடியில் வைத்துவிட்டு, "உம்மா என்னக் கேட்டாவா?" என்றான்.

"இல்ல. தூக்கத்திலயே போயிட்டா."

அவன் தலையை ஆட்டினான்.

பெட்டி பட்டறையில் கிடக்கிறது. போனுக்குப் பெட்டி கேட்டு வருகிறவர்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறேன். தம்பியும் அப்படித்தான் கொண்டு போகிறான். பிறகும் ஒரு போன் நனைந்து பழுதாகியது. அடுத்த போனையும் பொலித்தீன் பையில்தான் சுற்றினான்.

உம்மா கேட்டார். இரண்டு தரம் கேட்டார்.

தம்பிக்கு வாசிக்கத் தெரியும். இதை வாசித்தால் வாசிக்கட்டும்.