சிவப்புப் பட்டை அடித்த மரம்

போன வருடம் காட்டூரிலிருந்து அமெரிக்காவுக்குப் போன என்னை, தம்பி குடும்பத்தோடு கப்பல் சுற்றுலா அழைத்துப் போனான். கரீபியன் தீவு ஒன்றில் கப்பல் ஒருநாள் நின்றது. கடற்கரையில் தம்பி இளநீர் வாங்கப் போயிருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அவனுடைய ஆறு வயது மகளை இழுத்துக்கொண்டு ஒரு மரத்தடிக்கு ஓடினேன். அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருந்தது. எங்கள் தஞ்சாவூர் ரோட்டு மரங்களுக்கும் பெயிண்ட் அடித்திருப்பார்களே, அப்படி ஆட்கள் ஒதுங்குகிற மரம்தான் என்று நினைத்தே அதன் கீழ் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில், "அத்தை, எரியுது!" என்று குழந்தை அலறினாள். இளநீர் விற்ற அம்மாள் கத்திக்கொண்டே ஓடிவந்து எங்களை வெளியே இழுத்தார். இலையிலிருந்து நீர் சொட்டிய இடமெல்லாம் பிள்ளையின் தோள் சிவந்து கொப்பளித்தது. அது விஷ மரமாம். கண்ணில் விழுந்திருந்தால் பார்வைக்கே ஆபத்து என்றார் கப்பல் டாக்டர்.

"ஏன்க்கா, அந்தச் சிவப்புப் பட்டையைப் பாக்கலையா? கிட்ட வராதீங்கன்னுதான் அடிச்சிருக்காங்க" என்றான் தம்பி.

புண் ஆறிவிட்டது. இப்போதெல்லாம் புது ஊரில் எது நம்மூர் போலத் தெரிகிறதோ, அதைத்தான் முதலில் விசாரிக்கிறேன். பட்டையைப் பார்க்கவில்லையா என்று தம்பி கேட்டானே. அந்தப் பட்டையைப் பார்த்துத்தானே அங்கே போய் நின்றேன்!