விமானம் போகும்வரை

பொழிச்சலூரில் பாடம் நடத்துகிறவர்களுக்குக் குரல் மட்டும் இருந்தால் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும். விமானங்கள் கூரைக்கு மேலேயே ஏறி இறங்குகிற ஊர். ஆறாம் வகுப்பு சபீஹா டீச்சர் சத்தம் கேட்டதும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். பிள்ளைகளும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் ஓய்ந்ததும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவார். பக்கத்துப் பல்லாவரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் பழக்கம் ஊறிவிட்டது. தம்பிக்காக வாணியம்பாடிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் லாரி ஒன்று உறுமியதற்கே பேச்சை நிறுத்திவிட்டாராம். கோபித்துக்கொண்டாரோ என்று பெண் வீட்டார் பதறிப்போனார்கள்.

நினைத்ததை முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததும், கென்யாவில் கிசுமு என்ற ஊர்ப் பள்ளி ஒன்றைத் தேடிப் பிடித்து, அங்குள்ள அகின்யி டீச்சரோடு பேசி, வாரந்தோறும் புதன்கிழமை வீடியோ வகுப்பு என்று நாளும் குறித்துவிட்டார். தலைமையாசிரியர் சுந்தரராமனுக்கு அரை மனசுதான்.

"ஒரு தடவை பாக்கறேன் டீச்சர். சொதப்பிச்சுன்னா அந்த புதன்கிழமை பீரியடை மேத்ஸுக்குக் கொடுத்துடுவேன்."

"சொதப்பாது சார். நீங்களே வந்து உக்காந்து பாருங்க."

வந்து உட்கார்ந்தார். திரையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் கையசைத்தார்கள். ரோஹிணி எழுந்து, காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்ததை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து மேலே விமானம். ரோஹிணி வாயை மூடினாள். வகுப்பே அசையவில்லை. சத்தம் ஓய்ந்தபோது திரை கறுப்பாக இருந்தது.

சுந்தரராமன் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் விடாமல் மறுபடி அழைத்தார்.

படம் உறைந்துபோய்விட்டது என்று நினைத்து நாங்கள்தான் துண்டித்தோம் என்றார் அகின்யி டீச்சர். சபீஹா டீச்சர் கையை விமானமாக்கிக் காட்டி விளக்கியதும் இரண்டு வகுப்பிலும் சிரிப்பு அடங்கவே இல்லை.

பிறகு அங்கே ஒரு சிறுமி எழுந்தாள். எங்கள் வீட்டிலும் கேழ்வரகுக் கூழ்தான், அதில் நாங்கள் என்ன சேர்ப்போம் தெரியுமா என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவள் வகுப்பில் யாருமே அசையவில்லை. ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல்.

"லைன் போச்சு. போதும், ஆஃப் பண்ணிடுங்க டீச்சர்" என்று சுந்தரராமன் எழுந்தார்.

"சார், வேணாம் சார்!" என்று கத்தினாள் ரோஹிணி. "அந்தப் பொண்ணு கண்ணு சிமிட்டுது பாருங்க. அவங்களுக்கும் மேல இன்னாவோ போவுது."

"வெயிட் பண்ணலாம் சார். எங்களுக்குப் பழக்கந்தானே" என்றார் டீச்சர்.

வகுப்பு பொறுமையாகக் காத்திருந்தது. சுந்தரராமனும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். இரைச்சல் தணிந்ததும் அந்தச் சிறுமி, விட்ட இடத்திலிருந்தே, "எலுமிச்சம்பழம்" என்றாள். அவர்கள் பள்ளியின் தகரக் கூரையில் மழை, அவ்வளவுதான். பொழிச்சலூர்ப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மணி அடிக்கும் நேரம் ஆனது. சுந்தரராமன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், அந்த புதன்கிழமை பீரியடை—"

விமானம் வந்தது. அவர் பாதியில் நிறுத்தினார். வகுப்பு அசையாமல் அவரையே பார்த்தது. இந்தத் தடவை கிசுமுவில் யாரும் துண்டிக்கவில்லை. அவர்களும் அசையாமல் காத்திருந்தார்கள். சத்தம் ஓய்ந்தது.

"—நீங்களே வச்சுக்கோங்க" என்றார் சுந்தரராமன்.