கிழிக்காத மஞ்சள் உறை

அர்விட் காங்கஸுக்கு உட்காரத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக அவர் தெருவில் தபால் போடுகிறேன். அவர் உட்கார்ந்து நான் பார்த்த ஒரே இடம் அவருடைய வண்டியின் ஓட்டுநர் இருக்கைதான். ஊரில் பாதி வீடுகளின் ஃபர்னஸை, அதாவது நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்கும் உலையை, பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றபின் சொந்த வீட்டுக்குள்ளேயே குட்டி போட்ட பூனையாகச் சுற்றிவந்தார்.

அவர் மனைவி லோர்னா, என் தோழி, நேர்மாறு. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவள். மீதிக் காலத்தை உட்கார்ந்து, அதுவும் படம் பார்த்துக் கழிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகவே தபாலில் படம் வாடகைக்கு அனுப்பும் கம்பெனியில் சேர்ந்தார்கள். மஞ்சள் உறையில் டிவிடி வட்டு வரும். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் பட்டியலில் அடுத்தது வரும். இணையத்திலும் பார்க்கலாம்தான். ஆனால் இந்த ஏரிக்கரைக்கு வந்து சேரும் இணையத்தில், படத்தைவிடத் திரையில் சுற்றும் வட்டத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

லோர்னா ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்து நூற்றுப் பன்னிரண்டு படங்களைப் பட்டியலில் சேர்த்திருந்தாள். போன வருடம் கம்பெனி தபாலையும் இணையத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கட்டணத்தை ஏற்றியது. அர்விட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம். கணக்கு அவர் பெயரில் இருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் ரத்து செய்துவிட்டார்.

செப்டம்பரில் லோர்னா ஊரின் மறுகோடியில் இருக்கும் அக்கா ஐலீன் வீட்டுக்குப் போய்விட்டாள். முகவரி மாற்றும் படிவத்தை என் கையில்தான் கொடுத்தாள். அதில் தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. நிரந்தரத்தில் குறி போட்டிருந்தாள்.

"படத்துக்காகவா லோர்னா?" என்றேன்.

"நாப்பது வருஷத்துல ஒரு படம்கூட அந்த மனுஷன் என் பக்கத்துல உக்காந்து முடிச்சதில்ல. கடைசிக் காட்சியில திரும்பிப் பாத்தா ஆளே இருக்க மாட்டான். கீழ ஃபர்னஸத் தட்டிக்கிட்டு இருப்பான். நான் மட்டும் சிரிச்சு, நான் மட்டும் அழுது. அந்தப் பட்டியலாவது என்னோடதுன்னு நெனச்சேன். அதையும் தூக்கிப் போட்டுட்டான்."

ஜனவரியில் ஒருநாள் அர்விட் பனியில் செருப்போடு ஓடிவந்து என் வண்டியை மறித்தார்.

"ஏம்மா மார்லா, அந்தப் படக் கம்பெனில மறுபடி சேந்துட்டேன். அவ பட்டியல் அப்படியே இருக்கு. ஒண்ணுகூட அழியல."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பத்துப் படம் முழுசா உக்காந்து பாரு, அப்புறம் வந்து பேசறேன்னா. வட்டுலதான் பாக்கணுமாம். இணையத்துல பாத்தா நடுவுல நின்னு போறத சாக்கு வெச்சு எழுந்திருப்பேனாம். நானா நிறுத்தவும் கூடாதாம். நிறுத்தி நிறுத்திப் பாக்கறது படம் பாக்கறதே இல்லையாம்."

பார்த்து முடித்தால் கம்பெனியின் தளத்தில் நட்சத்திரம் போட வேண்டும். கடவுச்சொல் லோர்னாவுக்கும் தெரியும். அக்கா வீட்டில் இருந்தபடியே எண்ணிக்கொண்டிருந்தாள்.

வாரத்துக்கு இரண்டு உறை கொண்டுபோய்ப் போட்டேன். ஒவ்வொரு முறையும் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எனக்கு அறிக்கை வாசிப்பார்.

"நேத்து இடுப்பு பெல்ட்டக் கழட்டிக் கால நாற்காலியோட கட்டிக்கிட்டேன்."

"படம் எப்படி?"

"கால் மரத்துப் போச்சு."

ஒன்பது படங்கள் அப்படிப் போயின. பத்தாவது உறை ஒரு திங்கட்கிழமை வந்தது. புதன்கிழமை அவர் பெட்டியில் சிவப்புக் கொடி உயர்ந்திருந்தது. எடுத்துப்போக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மின்சாரக் கட்டணத்தோடு மஞ்சள் உறையும் இருந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்ததால் பார்க்காமல் பைக்குள் போட்டேன்.

சனிக்கிழமை காலை தபால் பிரிக்கும்போது என் தபால் கட்டுக்குள் அதே உறை திரும்பி வந்திருந்தது.

அந்த உறையின் சூட்சுமம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேல்மடலில் வாடிக்கையாளர் முகவரி. அதைக் கிழித்தால்தான் உள்ளே கம்பெனியின் முகவரி தெரியும். கிழிக்காமல் திருப்பிப் போட்டால் இயந்திரம் பழைய முகவரியையே படித்து, வீட்டுக்கே அனுப்பிவிடும். அப்படியானால் அர்விட் இதைப் பிரிக்கவே இல்லை.

அவர் தெருவுக்குள் திரும்பினால் வாசலில் லோர்னாவின் கார். தளத்தில் பத்தாவது படத்துக்கு ஐந்து நட்சத்திரம் விழுந்திருக்கும், அவளும் நம்பி வந்திருப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட நான் பிடித்து வைத்ததில்லை. அன்று அந்தத் தெருவை இரண்டு முறை சுற்றினேன். மூன்றாவது சுற்றில் லோர்னாவே பெட்டியருகே வந்து நின்றாள்.

"என்ன மார்லா, வழி மறந்து போச்சா? உள்ள வா, கறி அடைச்சு பாஸ்டி சுட்டுக் கொண்டாந்திருக்கேன்" என்று கையை நீட்டினாள்.

கொடுத்தேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது. உள்ளே நடந்தாள். எனக்கு வேலை கிடந்தது, ஆனாலும் பின்னாலேயே போனேன். கூடத்தில் அவளுடைய சின்னப் பெட்டி கைப்பிடி நீட்டியபடி நின்றது.

"அஞ்சு நட்சத்திரம் போட்டியே. என்ன கதை, சொல்லு பாப்போம்" என்றாள்.

அர்விட் உறையைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் முதலில் ஜன்னலுக்குப் போனார், அப்புறம் அடுப்புக்கு, அப்புறம் மறுபடி ஜன்னலுக்கு.

"ஒம்பது படம் சத்தியமாப் பாத்தேன்."

"நான் பத்தாவதக் கேட்டேன்."

"கதைச் சுருக்கத்தப் படிச்சேன். ஒரு கிழவன விட்டுட்டு அவன் பொண்டாட்டி போயிடுறா. கடைசி வரைக்கும் திரும்பி வரலைன்னு போட்டிருந்துது. இந்த வீட்டுல தனியா உக்காந்து அத என்னால பாக்க முடியல லோர்னா. பயமா இருந்துச்சு."

லோர்னா பெட்டியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு உறையின் மடலைச் சர்ரென்று கிழித்தாள்.

"உக்காரு" என்றாள்.

நான் நழுவிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே அர்விட் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு மணி நேரப் படம்மா. அஞ்சு மணி நேரம் ஆச்சு."

"எழுந்திரிச்சீங்களா?"

"பதினேழு தடவ. முதல் தடவ நான் எந்திரிச்சதும் அவ ரிமோட்ட எடுத்தா. தொலைஞ்சேன், அணைக்கப் போறான்னு நெனச்சேன். படத்த நிறுத்தி வெச்சா. போய்ட்டு வா, இங்கதான் இருப்பேன்னா. பதினேழு தடவையும் அப்படித்தான்."

அதற்குள் லோர்னா கோட்டைப் போர்த்திக்கொண்டு வந்து ஒரு தாளை நீட்டினாள். முகவரி மாற்றும் படிவம். அக்கா வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு. தற்காலிகம் என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தாள். முடியும் தேதி காலியாக இருந்தது.

"தற்காலிகம்னா ஒரு வருஷத்துக்கு மேல செல்லாது லோர்னா."

"பட்டியல்ல இன்னும் நூத்தி ரெண்டு இருக்கு. வாரத்துக்கு ரெண்டுன்னா ஒரு வருஷம் சரியா வரும். எழுதிக்க."

"பட்டியல் தீந்தா?" என்று கேட்டார் அர்விட்.

"தீந்தப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை அடுத்த உறையோடு போனேன். அர்விட் வாசலில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து உக்காந்து பட்டியல்ல இன்னும் நாப்பது படம் சேத்துட்டேன். அவகிட்ட நான் சொல்லல."

"அவளுக்குத்தான் கடவுச்சொல் தெரியுமே. பாத்திருப்பாளே."

"பாத்துட்டா" என்றார் அர்விட். "காலைல திறந்தா அதுக்குக் கீழ புதுசா அறுபது படம் இருக்கு. நான் சேக்கல."