எங்கள் தொகுதி எம்பி அக்காவுக்கு ஒரு கைதட்டல்

எம்பி அக்கா போய்விட்டார்.

காலையில் வேலைக்குப் போக ரயிலுக்கு நின்றபோது நேசன் அண்ணையின் போன். "தம்பி, பேப்பர் பாத்தனியோ? எங்கட எம்பி அக்கா..." மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். ரயில் வந்தது, போனது, நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

தெரியாதவர்களுக்கு... அவர் தமிழச்சி இல்லை. கொலோனுக்குப் பக்கத்தில் எங்கள் தொகுதியிலிருந்து 2002இல் பேர்லின் பாராளுமன்றத்துக்குத் தெரிவான ஜெர்மன்காரி. ஆறடி உயரம், ஆம்பிளைச் சப்பாத்து, தும்மினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அக்கா என்று பெயர் வைத்தது நாங்கள்.

நான் ஜெர்மன் பாஸ்போட் எடுத்து முதன்முதலாக வாக்குப் போட்டதும் அந்தத் தேர்தலில்தான். அவர் மயிரிழையில் வென்றார்.

அடுத்த கிழமை எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தமிழ் வோட்டு இல்லாட்டி அவ எங்க?" என்று அளந்துவிட்டேன். தொகுதியின் தமிழ் வோட்டு முழுவதையும் ஒரு வான் வண்டியில் ஏற்றிவிடலாம் என்பது வேறு கதை.

அதை நம்பிய ஒரே ஆள் நேசன் அண்ணை.

அவர் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல்காரர். ஒன்பது வருடம் இங்கே இருந்தும், கையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தரும் தாள் மட்டுந்தான். இனி நீட்டமாட்டோம், நாட்டைவிட்டுப் புறப்படு என்று அப்போது கடிதம் வந்திருந்தது.

"நீ வெல்ல வைச்ச ஆள்தானே. ஒருக்கா கதைச்சு விடன்" என்றார்.

மாட்டிக்கொண்டேன்.

ஊரில் எம்பியிடம் எதற்குப் போவோம்? கடிதத்துக்கு. எம்பியின் கடிதத்தை நீட்டினால் அரசாங்கக் கந்தோரில் பூட்டின கதவும் திறக்கும். அந்தப் புத்தியோடு, அவருக்கு ஏன் வீண் சிரமம் என்று, கடிதத்தை நானே ஜெர்மன் மொழியில் அடித்துக்கொண்டு, நேசன் அண்ணையோடு அவருடைய தொகுதி அலுவலகத்துக்குப் போனேன். 'இவருக்கு உடனடியாக விசா வழங்கும்படி கட்டளையிடுகிறேன்.' கீழே அவர் கையெழுத்துக்கு இடம். பேனையும் கொண்டுபோயிருந்தேன்...

அக்கா வாசித்தார். சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது.

"நான் சட்டம் போடுகிற இடத்தில் இருக்கிறேன், விசா கொடுக்கிற இடத்தில் இல்லை. அவர்களுக்குக் கட்டளை போட என்னால் முடியாது. கேட்கத்தான் முடியும்."

நான் சிரித்த முகத்தை மாற்றாமல் தமிழில், "அண்ணை, பிழையான கடைக்கு வந்திட்டம்" என்றேன்.

"என்ன சொல்கிறீர்கள்?"

"உங்களுக்கு நன்றி சொல்கிறேன், மேடம்."

நம்பினாரோ தெரியாது. நேசன் அண்ணையின் பிளாஸ்டிக் பையை வாங்கி மேசையில் கவிழ்த்தார். அடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதியோர் இல்லத்துப் பொறுப்பாளர் எழுதியது... ஒன்பது வருடமாக ஒருநாளும் பிந்தி வராத மனிதர், இவர் போனால் இவர் இடத்துக்கு எனக்கு வேறு ஆள் இல்லை, தயவுசெய்து அனுப்பாதீர்கள் என்று.

"இதை ஏன் விசா அலுவலகத்தில் கொடுக்கவில்லை?"

நேசன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கொடுக்க வேண்டாமென்று சொன்னது நான்தான். "எம்பியின்ர கடிதம் வரேக்க குசினிக் கடிதத்தை ஆர் அண்ணை பாக்கப்போறான்?" என்று. இந்தச் சாமர்த்தியத்தால் ஒரு மனிதரை விமானத்தில் ஏற்றியிருப்பேன்.

நேரம் குறித்துத் தந்த டெர்மின் அன்று நாங்கள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனால், அக்கா முதலே வந்து வரிசை வாங்கிலில் உட்கார்ந்திருக்கிறார். கையில் நம்பர் துண்டு!

அதிகாரி ஓடிவந்தார். "மேடம், நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை."

"என் நம்பர் இவருக்குப் பின்னால்" என்று நேசன் அண்ணையைக் காட்டினார்.

உள்ளே போய் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "இந்தக் கடிதத்தையும் வாசித்துவிட்டு முடிவெடுப்பீர்களா?" பிறகு கிழமைக்கு ஒரு போன். "வாசித்துவிட்டீர்களா?" பேர்லினில் கூட்டம் நடக்கிற கிழமைகளிலும் அந்தப் போன் தவறவில்லை.

வாசித்தார்கள். விசா வந்தது!

நேசன் அண்ணை அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு மூன்று மாடியும் ஏறி வந்தார். லிப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த கோடையில் அக்கா தொகுதி ஆட்களைப் பாராளுமன்றம் பார்க்க பஸ்ஸில் கூப்பிட்டார். அதுவரை அனுமதி இல்லாமல் எங்கள் மாநில எல்லையைத் தாண்ட முடியாமலிருந்த நேசன் அண்ணை, டை கட்டிக்கொண்டு முன்சீட்டில்.

மேலே பார்வையாளர் மாடத்தில் காவலர் சொன்னார்: கதைக்கக் கூடாது, எழும்பக் கூடாது, கைதட்டவே கூடாது.

கீழே அக்கா பேச எழுந்தார். எதைப் பற்றி? நெடுஞ்சாலை ஓரத்தில் சத்தம் தடுக்கும் சுவர் கட்டுவது பற்றி. அவருடைய கட்சிக்காரரில் பாதிப்பேர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

பேசி முடித்ததும் நேசன் அண்ணை எழும்பினார். தட்டினார் பாருங்கள்... அண்டா தூக்கின கை! பக்கத்தில் நானும் எழும்பிவிட்டேன். கீழே அத்தனை எம்பிமாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஜெர்மன் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பெருமை எங்கள் இருவருக்கும் உண்டு.

நடைபாதைக்கு அக்கா ஓடிவந்தார். "இந்தச் சபையில் யாரும் எனக்கு இப்படிக் கைதட்டியதில்லை. அதுவும் ஒரு சுவருக்கு!"

"நான் சுவருக்குத் தட்டேல்லை எண்டு சொல்லு, தம்பி."

அதை மட்டும் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். அக்கா மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். இந்தமுறை சிரிப்பில் இல்லை.

நாலு வருடத்துக்கென்று அனுப்பினோம். 2005இல் ஒரு வருடம் முந்தியே பாராளுமன்றத்தைக் கலைத்தார்கள், அவர் திரும்பப் போகவில்லை. எங்களுக்கு அந்த மூன்று வருடமே காணும்.

வெள்ளிக்கிழமை அடக்கம். நேசன் அண்ணை லீவு போட்டுவிட்டார்... அதே குசினியில்.

போய் வாங்கோ, அக்கா. நேசன் அண்ணை இங்கேதான் இருக்கிறார்.