அவளுக்குக் காலா நீ இரு, தாயே

என் நாகம்மாவால் ஓட முடியாது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவள் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. அவளுக்கு முன் பிறந்த இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சம் இவள் ஒருத்திதான். அம்மனை நம்புகிற உங்களிடம் இதை முதலில் சொன்னால்தான் நான் துடித்த துடிப்பு விளங்கும்.

ஜவளகிரிக்கு அப்பால், காட்டோரம் எங்கள் ஊர். ராகி முற்றினால் ஆனைகள் இறங்கிவிடும். பள்ளிக்கூடமோ ஒரே கூரைக் கொட்டகை. சேலத்துப் பக்கமிருந்து வந்த கமலா டீச்சர் வந்ததுமே சட்டம் போட்டார். சோற்று மூட்டை எதுவும் கொட்டகைக்குள் வரக்கூடாது. மைதானத்தின் அந்தக் கோடியில், புளியமரத்தில்தான் தொங்க வேண்டும். ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் ஒரு பெரிய பிள்ளை ஜோடி. டீச்சர் சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டினால், மூச்சுக் காட்டாமல் பின்வாசல் வழியாகப் போய், கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற பெரிய பாறைமேல் ஏறிவிட வேண்டும். வாரா வாரம் இதைப் பழக்கினார். நாகம்மாவுக்கு ஜோடி, ஐந்தாம் வகுப்பு ரத்னம்மா. கன்னடத்துக்காரர் வீட்டுப் பெண்.

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மே, பாடம் சொல்லிக்குடுன்னா, இந்த டீச்சரம்மா குரங்குக்குக் களி உருண்டை கட்டித் தொங்கவுடுது!"

1956 கார்த்திகை மாதம். களத்தில் ராகி அடித்துக்கொண்டிருந்தோம். மாடு மேய்க்கிற முனியப்பன் தலைதெறிக்க ஓடி வந்தான்.

"ஒத்தை ஆனை! பள்ளிக்கூடத்தாண்ட நிக்குது!"

போட்டது போட்டபடி ஓடினேன். ஏரிக்கரையில் ஆட்கள் மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள். என் கண்ணெதிரே அந்த ஆனை கூரையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. என் பெண் உட்காருகிற மூலை அது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. மண்ணில் விழுந்து கதறினேன்.

"மாரியம்மா! எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். அவளுக்கு ஓடக் கால் இல்ல. அவளுக்குக் காலா நீ இரு, தாயே!"

இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கதறினேன்.

தமுக்கடித்து, பந்தம் காட்டி ஆனையைக் காட்டுக்குத் திருப்பினார்கள். கொட்டகைக்குள் பாய்ந்தேன். உடைந்த சிலேட்டும் கூரைக் கழியும் கிடந்தன. ஒரு பிள்ளை இல்லை. அப்போதுதான் பாறைச் சரிவில் ரத்னம்மா இறங்கி வந்தாள். அவள் முதுகில் என் நாகம்மா! எல்லோருக்கும் பின்னால் டீச்சர்.

ஆனை முதலில் புளியமரத்துக்குத்தான் போயிருக்கிறது. அது மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தின்ற நேரத்தில் அத்தனை பிள்ளைகளையும் ஏற்றிவிட்டார் அந்த மகராசி. அடேயப்பா, என்ன நிதானம், என்ன நெஞ்சு!

நாகம்மா என்னைக் கண்டதும் ஓவென்று அழுதாள். "அம்மா, என் களிய ஆனை தின்னுட்டுச்சும்மா!"

என் வீட்டுக்காரர் டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இனிமே குரங்கே தின்னாலும் பரவால்லம்மா!"

நான் கதறியபோது என் பெண் பாறைமேல் பத்திரமாக இருந்திருக்கிறாள். கேட்பதற்கு முன்பே தாய் கால் கொடுத்துவிட்டாள். நம்பிக் கூப்பிடுங்கள். அவள் அனுப்புகிற ஆள் சட்டம் போட்டால் சிரிக்காமல் கேளுங்கள். இப்போதெல்லாம் காலையில் பிள்ளைகளின் சோற்று மூட்டைகளைப் புளியமரத்தில் கட்டிவிட்டுத்தான் நான் ராகிக் கொல்லைக்கு வேலைக்குப் போகிறேன்.

நாகம்மா இன்று நாலாம் வகுப்பு. பழக்கும் நாளில் முதலில் அவளைத்தான் தூக்கிப் பாறைமேல் உட்கார வைப்பார்கள். ஏறி வருகிறவர்களை எண்ணுவது அவள் பொறுப்பு. கடைசிப் பிள்ளை ஏறியதும், "எல்லாரும் வந்தாச்சு டீச்சர்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அது ராகிக் கொல்லை வரைக்கும் கேட்கும். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே அம்மனைக் கும்பிடுவேன்.