ஒற்றைக் காலில் ஒஸ்லோ

ஒஸ்லோ விமான நிலையத்தை விட்டு நாங்கள் வெளியே வந்தபோது மாலை நாலரை மணி. 2006 பிப்ரவரி, மைனஸ் ஒன்பது பாகை. நகரம் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். காரை ஓட்டியவள் ரெஜினா. எழுபதுகளில் திருச்சியில் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரி. எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் பாட்ஸ்பியோர்டுக்குப் போய் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பிறகு ஒஸ்லோவில் கால் பராமரிப்புப் படித்து, இப்போது அதே நகரத்தின் ட்வெய்ட்டா பகுதியில் சொந்தமாக ஒரு சின்ன நிலையம் வைத்திருக்கிறாள்.

"கால் பராமரிப்புன்னா, நகம் வெட்டி விடறதா?" என்று கேட்டேன்.

"அதுவும் தான்," என்றாள்.

எனக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை நோய். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பத்தியச் சாப்பாடு போட்டு என்னை வீட்டிலேயே உட்கார வைத்துவிடுவாள் என்று பயம். நான்காம் நாள் இருவரும் பாட்ஸ்பியோர்டுக்குப் பறப்பதாகத் திட்டம். அவள் வேலை பார்த்த இடத்தையும் வடக்கு வானத்தின் பச்சை ஒளியையும் பார்க்கத்தான் நான் திருச்சியிலிருந்து இத்தனை தூரம் வந்ததே.

மறுநாள் காலை ஒன்பதரை மணி. என் தோல் செருப்பைப் பார்த்துவிட்டு, ரெஜினா தன் மகள் ஷாரனின் பனிக்கால பூட்ஸை எடுத்துக் கொடுத்தாள். வீட்டருகே ரொம்மன் நிலையத்தில் ரயில் ஏறினோம். டிக்கெட் இருபது குரோனர். ஃபிரோக்னர் பூங்காவில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கான சிலைகள், உடம்பில் துணியில்லாமல், வெறுங்காலோடு பனியில் நின்றன. ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன். பிறகு துறைமுகம், கோட்டை, அரண்மனை. ஆறு மணி நேரம் நடந்திருப்போம். எனக்குக் களைப்பே தெரியவில்லை. அதில் கொஞ்சம் பெருமை கூட.

மாலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றினேன். வலது காலுறையின் முன்பாதி சிவப்பாக இருந்தது. எங்கோ சாயம் ஒட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ரெஜினா பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினாள். உள்ளிருந்து ஓர் இரும்புக் கிளிப் விழுந்தது.

"அது என்ர ஹோர்ஸ்பென்ன, அன்ரி," என்று ஷாரன் தன் முடியைத் தொட்டுக் காட்டினாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "உங்களுக்கு நோகேல்லையா?"

நோகவில்லை. அதுதான் விஷயம். ரெஜினா என்னை நாற்காலியில் உட்கார வைத்து, காயத்தைக் கழுவிக் கட்டினாள். பிறகு தன் பையிலிருந்து மீன் தூண்டில் நரம்பு போல் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தாள்.

"கண்ணை மூடும். இதால தொடேக்கை சொல்லும்."

கண்ணை மூடினேன். சிறிது நேரம் கழித்து "தெரியுது" என்றேன். இன்னும் சிறிது நேரம் கழித்து, "இப்பவும் தெரியுது."

"நான் இன்னும் தொடேல்லை, கலா."

கண்ணைத் திறந்தேன். இழை அவள் மடியில் கிடந்தது.

"எத்தினை வருஷமாச் சீனி வருத்தம்?"

"எட்டு. சொன்னா நீ எங்கேயும் கூட்டிட்டுப் போகமாட்டேன்னு நினைச்சேன்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கிளிப்பைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "பூட்ஸுக்குள்ள கையை விட்டுப் பாராமல் குடுத்தது என்ர பிழை. நிலையத்துக்கு வாறவையிட்டை எல்லாம் நான் சொல்லுறதே அதுதான்."

அன்றிரவு அவசர சிகிச்சை நிலையத்தில் மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, பத்து நாள் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்றார். வடக்குப் பயணம் ரத்தானது.

மூன்றாம் நாளிலிருந்து ரெஜினா என்னைக் காரில் நிலையத்துக்கே கூட்டிப் போனாள். ஊன்றுகோலைச் சாத்திவிட்டு, காலை ஸ்டூலில் நீட்டி, காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பேன். நகரத்தைப் போய்ப் பார்க்க முடியாத எனக்கு நகரமே வந்து எதிரில் பூட்ஸைக் கழற்றியது. மீன்கடைப் பெண், பேருந்து ஓட்டுநர், மருத்துவமனையில் தரை துடைக்கும் மன்னார் அம்மா ஒருவர். தன் முழங்கால் வலிக்கு எத்தனையோ தைலம் பூசிப் பார்த்ததாக அவர் சொன்னார். ரெஜினா அவருடைய தேய்ந்த ஷூவைத் திருப்பி, ஒரு பக்கம் மட்டும் கரைந்திருந்த குதியைக் காட்டினாள். உள்ளே வைக்க ஒரு மெத்தை வெட்டித் தந்தாள்.

எழுபத்தெட்டு வயது நோர்வேக்காரர் ஒருவர் பனிச்சறுக்குக் கட்டைகளை வாசலில் சாத்திவிட்டு வந்தார். என் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் விசாரித்தார். "நெஞ்சைக் காட்ட வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போவேன். காலைக் காட்ட ஆறு வாரத்துக்கு ஒருமுறை இங்கே வருவேன். இந்த நெஞ்சைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் சுற்றுவது இவைதானே," என்று தன் பாதங்களை ஆட்டிக் காட்டினார்.

ஒரு மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில், இந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்று ரெஜினாவைக் கேட்டேன்.

"பாட்ஸ்பியோர்டில றப்பர் பூட்ஸோட பத்து மணித்தியாலம் நிண்டு மீன் வெட்டினது. முதல்ல கால் நொந்தது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. படுத்தாலும் நித்திரை இல்லை. மாதத்தில ஒருக்கால் கால் பாக்கிற மனுசி ஒராள் அங்கை வருவா. அவ என்ர காலைத் தன்ர மடியில தூக்கி வைச்சா. நான் அழுதிட்டன்."

"வலியிலயா?"

"இல்லை. அந்த ஊருக்குப் போய் ரெண்டு வருஷமா என்னை ஒருத்தரும் தொடேல்லை."

பன்னிரண்டாம் நாள் காயம் மூடியது. புறப்படும் காலையில் ரெஜினா எனக்கு ஒரு கைக்கண்ணாடி கொடுத்தாள், உள்ளங்காலைப் பார்க்க. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோது, "வடக்கை விட்டிட்டீர்," என்றாள். நான் வருத்தப்படவில்லை. பச்சை ஒளியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

திருச்சிக்குத் திரும்பிய வாரம் என் டாக்டரிடம் போனேன். வழக்கம் போல ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்குக் கை நீட்டினார். நான் சீட்டைக் கொடுக்காமல், எதிரிலிருந்த ஸ்டூலில் வலது காலைத் தூக்கி வைத்தேன். அவர் திகைத்து என் முகத்தைப் பார்த்தார். ஒஸ்லோவில் பூட்ஸையும் இரண்டடுக்குக் காலுறையையும் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்கிறார்கள். இங்கே செருப்பை வாசலில் விட்டுவிட்டு எட்டு வருஷம் இந்த மனிதர் முன்னால் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறேன். அன்றுதான் அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.